வண்டி களவு போனால் ஜீபிஎஸ் மீட்டுத் தருமோ? வன்னிப் பக்கத்துக் கேள்வி ஒண்டும் அதுக்குப் பின்னால வந்த குறிப்புகளும்

2025 ஜூன் 14, பின்னேரம். விசுவமடுவில இருந்து ஒரு வாசகர்:

"அண்ணை, எங்கட அயலில அடுத்தடுத்துப் பைக் களவு போகுது. ஜீபிஎஸ் பூட்டினால் வண்டி கட்டாயம் திரும்ப வருமெண்டு கடைக்காரர் சொல்லுறார். கள்ளன் காட்டுப் பக்கம் கொண்டு போனால் அங்க போன் ரவர் இல்லையே, பிறகு அது எப்பிடி வேலை செய்யும்? கஷ்டப்பட்டுச் சேர்த்த காசு. பூட்டுறதோ விடுறதோ?"

2025 ஜூன் 14, இரவு

தம்பி, "கட்டாயம் வரும்" எண்டு சொல்லுற கடையில வாங்காதேங்கோ. வண்டி நிக்கிற இடத்தை அது சொல்லும், அவ்வளவுதான். போய் எடுத்துக்கொண்டு வாறது ஆக்கள்.

நான் கிளிநொச்சியில வாகன வயரிங் வேலை செய்யிறன். பைக், ஓட்டோ, பட்டா எண்ட சின்ன லொறி, லாண்ட்மாஸ்டர் எண்ட ரெண்டு சில்லு உழவு மெசின் எண்டு எல்லாத்துக்கும் இதைப் பூட்டியிருக்கிறன். கள்ளன் பிடுங்கி எறிஞ்ச பிறகு மிச்சம் கிடந்த வயரையும் திருப்பிப் பொருத்திக் குடுத்திருக்கிறன். அதால கொஞ்சம் விரிவா எழுதுறன்.

முதல்ல ரவர் விசயம். அந்தச் சின்னப் பெட்டிக்குள்ள ரெண்டு வேலை நடக்குது. ஒண்டு, தான் எங்க நிக்கிறன் எண்டு கண்டுபிடிக்கிறது. அதுக்கு ரவர் தேவையில்லை. ஏறத்தாழ 20,200 கிலோமீற்றர் உயரத்தில சுத்துற செய்மதிகளின்ர சிக்னலை அது சும்மா கேட்டுக்கொண்டிருக்கும். ஆகக் குறைஞ்சது 4 செய்மதி கேட்டால் இடம் பிடிபடும். வெளியான வயல் வழிய சில மீற்றருக்குள்ள சரியாச் சொல்லும். பாலையும் வீரையும் அடர்ந்த காட்டுக்குள்ள கொஞ்சம் தள்ளாடும், ஆனாலும் சொல்லும்.

ரெண்டாவது வேலை, அந்த இடத்தை உங்கட போனுக்கு அனுப்புறது. அதுக்குத்தான் உள்ள ஒரு சிம் கிடக்கு, ரவர் தேவைப்படுறதும் அங்கதான். ரவர் இல்லாத இடத்தில நல்ல கருவியெண்டால் போன பாதையைத் தனக்குள்ள எழுதி வைச்சுக்கொண்டு, திரும்ப ரவர் பிடிபட்ட உடன மொத்தமா அனுப்பும். ஆகவே காட்டுக்குள்ள போனால் செய்தி பிந்தும். அழியாது. அதுவரைக்கும் கருவி உயிரோட இருந்தால்.

2025 ஜூன் 15, காலமை

அந்தக் கடைசி வசனம்தான் முக்கியம், அதால திரும்ப வாறன்.

என்ர மச்சானின்ர பல்சர் ஒரு ஆஸ்பத்திரி வாசலில களவு போனது. ஜீபிஎஸ் இருந்தது. வேற ஒரு கடையில பூட்டினது, சீற்றுக்குக் கீழ, பற்றரிக்குப் பக்கத்தில. எல்லாக் கடையும் அங்கதான் வைக்கிறது, ஏனெண்டால் வயர் கிட்ட, வேலை கெதியா முடியும். கள்ளருக்கும் அது தெரியும். வண்டி ஏ9 வழிய தெற்கால போய் முறிகண்டி தாண்டினதும் புள்ளி நிண்டுட்டுது. பிறகு ஒரு செய்தியும் இல்லை, வண்டியும் வரேல்லை. மாமி இண்டைக்கும் அந்த ஆஸ்பத்திரிக்குப் போக மனமில்லாமல் பஸ் பிடிச்சு வேற இடத்துக்குப் போறா.

அந்தப் பெட்டி சீற்றுக்குக் கீழ இல்லாமல், டாங்கியைக் கழட்டினால்தான் கை போற இடத்தில இருந்திருந்தால் கதை வேற மாதிரிப் போயிருக்கும். அதால நான் எந்த வண்டியில எங்க பூட்டினன் எண்டு வேலை பழகுற பொடியனுக்குக்கூடச் சொல்லுறேல்லை. சொந்தக்காரருக்கு மட்டும் காட்டுவன். நீங்களும் கடைக்காரரிட்டச் சொல்லிப் போடுங்கோ: நேரம் போனாலும் பரவாயில்லை, உள்ளுக்குப் பூட்டுங்கோ எண்டு.

மெயின் வயரை வெட்டினால் கருவியின்ர உள்பற்றரி சில மணித்தியாலம் தாங்கும். வெட்டின உடன உங்களுக்கு ஒரு எச்சரிக்கையும் வரும். வந்தென்ன, கனபேர் இரவில போனைச் சத்தமில்லாமல் வைச்சிட்டுப் படுக்கினம். விடிய எழும்பிப் பாக்கேக்க பற்றரியும் செத்து, பாதையும் முடிஞ்சு கிடக்கும். அந்தச் செயலிக்கு மட்டும் சத்தத்தைத் திறந்து விடுங்கோ.

2025 ஜூன் 15, பின்னேரம்

மல்லாவியில இருந்து ஒரு அக்கா கேட்டிருக்கிறா: "ஜீபிஎஸ்சுக்கு மாசக் காசு கட்ட வசதியில்லை. அதில்லாமல் என்ன செய்யலாம்?"

அக்கா, உண்மையைச் சொன்னால் பைக்குக்கு முதல் காசை ஜீபிஎஸ்சில போடவே வேண்டாம். தேய்ஞ்ச சாவிப் பூட்டை மாத்துங்கோ. பழைய பைக்குகளின்ர சாவி தேய்ஞ்சு தேய்ஞ்சு, ஒண்டின்ர சாவி மற்றதுக்கும் போடுற நிலைமையில இருக்கு. அதுக்குப் பிறகு ஒரு டிஸ்க் பூட்டு, இல்லாட்டிச் சில்லுக்குச் சங்கிலி. மூண்டாவது, நீங்கள் மட்டும் அறிஞ்ச இடத்தில ஒரு மறைவான சுவிச். அதைப் போடாமல் வண்டி ஸ்ரார்ட் வராது. ஒரு சுவிச்சும் கொஞ்ச வயரும்தான் செலவு.

காருகளில இதே வேலையைத்தான் இமொபிலைசர் செய்யுது. சாவிக்குள்ள இருக்கிற சின்ன மின்னணுச் சிப்பை வண்டி அடையாளம் கண்டால் மட்டும் என்ஜின் ஓடும். ஐரோப்பாவில 1998 இல இருந்து புதுக் கார் எல்லாத்துக்கும் அது கட்டாயம், அவுஸ்திரேலியாவில 2001, கனடாவில 2007. அமெரிக்காவில கட்டாயமில்லை. அதால அங்க கியா, ஹூண்டாய் காருகள் கனக்க அது இல்லாமலே வித்துப்போட்டுது. அதை எப்பிடிக் களவெடுக்கிறதெண்டு பொடியள் வீடியோ போடத் தொடங்க, களவு எகிறிச்சுது. 2023 இல அந்த நாடு முழுக்க 1,020,729 வாகனம் களவு போனது. திருத்தங்கள் செய்து, பொலிசும் இறுக்கினாப் பிறகு 2024 இல 850,708 ஆக் குறைஞ்சது. களவு போன பிறகு தேடுறதை விட, ஸ்ரார்ட் வராமல் பண்ணுறது எவ்வளவு பெரிய விசயம் எண்டு இதில விளங்குது. எங்கட பைக்குகளுக்குக் கொம்பனி தராத இமொபிலைசர் அந்த மறைவான சுவிச்தான்.

2025 ஜூன் 17

"ஏன் இப்ப இவ்வளவு களவு?" எண்டு ரெண்டு மூண்டு பேர் கேட்டிட்டினம். எண்ணிக்கை என்னட்ட இல்லை. பட்டறைக்கு வாற சனத்தை வைச்சுத்தான் சொல்லுறன்.

2020 மார்ச்சில வாகன இறக்குமதியை நிப்பாட்டினவை. சாதாரண ஆக்கள் வாகனம் இறக்குமதி செய்யத் திரும்ப விட்டது 2025 பெப்ரவரியில. இடைப்பட்ட காலத்தில பழைய வண்டி தங்கம் மாதிரி. வித்த விலையை விடக் கூடக் குடுத்து அதே வண்டியைத் திருப்பி வாங்கின ஆக்களை நான் கண்டிருக்கிறன். உதிரிப்பாகமும் அப்பிடித்தான். ஒரு கார்பரேற்றர், ஒரு சில்லு, ஒரு டாங்கி எண்டு பிரிச்சு விக்கிறதுக்கே பைக் தூக்குறது லாபமாப் போச்சுது.

2022 இல எண்ணெய் இல்லாத காலம், ஞாபகம் இருக்கும். அப்ப வண்டியை விட்டிட்டு டாங்கியைத்தான் உறிஞ்சினவை. பிறகு எண்ணெயைப் பங்கிட்டுக் குடுக்கக் கியூஆர் குறியீட்டு முறை வந்தது. தொடங்கேக்க பைக்குக்குக் கிழமைக்கு 4 லீற்றர், ஓட்டோவுக்கு 5 லீற்றர். வண்டி நம்பரும், சட்டகத்தில குத்தியிருக்கிற செசி நம்பரும் குடுத்துத்தான் பதிய வேணும். கள்ளப் பைக்கைக் கொண்டு எண்ணெய் ஷெட்டுக்குப் போனால் எண்ணெய் இல்லை. 2023 செப்ரெம்பர் 1 ஆம் திகதியோட அந்த முறை முடிஞ்சுது. சனம் நிம்மதியா மூச்சு விட்டது, நானும் விட்டனான். ஆனால் ஒவ்வொரு வண்டிக்கும் கிழமைக்கு ஒருக்கா அடையாளம் கேட்ட ஒரே வாசலும் அதோட பூட்டுப்பட்டுப் போச்சு.

இஞ்ச இன்னொரு வகையும் இருக்கு, கொழும்புப் பக்கம் இவ்வளவு தெரியாது. நம்பர் பிளேற்றைக் கழட்டின பைக், இரவு வேலைக்கு. கள்ள மண், கள்ள மரம், கசிப்புச் சாராயம் ஏத்துறதுக்கு. பிடிபட்டால் வண்டியை விட்டிட்டு ஓடலாம், தன்ர வண்டி இல்லைத்தானே. இதைப் பற்றிச் சட்டப் பக்கத்தால சொல்ல ஒரு விசயம் இருக்கு, பிறகு எழுதுறன்.

உழவு மெசின் முழுசாப் போறது குறைவு. அதின்ர பற்றரி போறதுதான் கூட. அறுவடை நேரம் மெசினை வயலோட விட்டிட்டு வருவினம், யானைக் காவலுக்கு ஆள் இருந்தாலும் அவர் மறு வரம்பில இருப்பார்.

2025 ஜூன் 18

பெரியவர் ஒருத்தர் எழுதியிருக்கிறார்: "அந்தக் காலத்தில வன்னியில சைக்கிளைக்கூடப் பூட்டுறேல்லை."

ஐயா, நானும் அதுக்குள்ள வளர்ந்தவன்தான். அது போர்க் காலம். காவலும் தண்டனையும் கடுமை எண்டது ஒரு பக்கம். அதோட பெற்றோல் தடை. மண்ணெண்ணையில ஓடின பைக்கை, ஸ்ரார்ட் பண்ண ரெண்டு துளி பெற்றோல் விட்டு, இருமி இருமிக் கிளப்பினது உங்களுக்கு மறக்காது. அப்பிடி ஒரு வண்டியைக் களவெடுத்து எங்க ஓடுறது? ஏ9 மூடிக் கிடந்தது. ஊரில இருந்த பைக் ஒவ்வொண்டின்ர சத்தமும் எல்லாருக்கும் தெரியும். சத்தத்தைக் கேட்டே இன்னார் வாறார் எண்டு அம்மா தேத்தண்ணிக்கு உலை வைப்பா.

இப்ப பாதை நாலு பக்கமும் திறந்து கிடக்கு. பரந்தனில தூக்கினதைச் சங்குப்பிட்டிப் பாலத்தாலயும் கொண்டு போகலாம், ஏ35 ஆல முல்லைத்தீவுக்கும் கொண்டு போகலாம், மாங்குளத்தால ஒட்டுசுட்டானுக்கும் திரும்பலாம். பாதை திறந்தது எங்களுக்கு நல்லது, அதை நான் குறை சொல்ல மாட்டன். ஆனால் ஊர்க் கண் ஒண்டு இருந்ததெண்டு ஐயா சொல்லுறது சரி.

2025 ஜூன் 22

அந்த ஊர்க் கண் இன்னும் முழுசாச் சாகேல்லை. அதுக்கு ஒரு சம்பவம்.

அக்கராயன் பக்கம் எனக்குத் தெரிஞ்ச ஒரு குடும்பத்தின்ர லாண்ட்மாஸ்டர் வயலில இருந்து போயிட்டுது. ஜீபிஎஸ் கிடையாது, காப்புறுதியும் மூண்டாம் தரப்புத்தான். அது களவுக்கு ஒரு சதமும் தராது, கனபேருக்கு இது தெரியாது. களவுக்கும் சேர்த்து வேணுமெண்டால் முழுக் காப்புறுதி எடுக்க வேணும். அந்த மனுசன் செய்ததெல்லாம், மெசினின்ர படங்களை எல்லாப் பட்டறைக்கும் வட்ஸப்பில அனுப்பினது. பின்னால இழுவைப் பெட்டி கொழுவுற இடத்தில பழைய ஸ்பிரிங் தகட்டை வெட்டி ஒட்டி வெல்டிங் வைச்சிருந்தவர். அந்த வெல்டிங் அவருக்கு மட்டும் உரிய வேலை.

கொஞ்ச நாளால வேற மாவட்டத்தில ஒரு பட்டறைக்காரர் போன் எடுத்தார். நிறம் மாத்தி, நம்பர் மாத்தி ஒரு மெசின் வந்திருக்கு, கொழுவி மட்டும் படத்தில இருக்கிற மாதிரியே இருக்கு எண்டு. பொலிசுக்குச் சொல்லி, செசி நம்பரைப் பாத்தால் ராவிக் கிடந்தது.

ராவினாலும் நம்பர் முழுசா அழியாது. இரும்பில நம்பர் குத்தேக்க அதுக்குக் கீழ இருக்கிற உலோகம் இறுகும். மேல மட்டமா ராவின பிறகும் அந்த இறுக்கம் அடியில கிடக்கும். அமிலம் பூசினால் இறுகின இடமும் இறுகாத இடமும் வேற வேற மாதிரி அரிபட்டு, பழைய நம்பர் மங்கலாத் தெரியும். அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் திணைக்களத்துக்கு நீதிமன்றம் இதுக்காகத்தான் வாகனங்களை அனுப்புறது. அந்த அறிக்கையும் கொழுவிப் படமும் சேர்ந்துதான் மெசினைத் திருப்பிக் கொண்டு வந்தது.

இண்டைக்கே செய்யுங்கோ: வண்டியின்ர நாலு பக்கமும் படம், செசி நம்பர் படம், என்ஜின் நம்பர் படம், கீறல், வெல்டிங், கிழிஞ்ச சீற் எல்லாம் கிட்டக் கிட்டப் படம். போனில மட்டும் வைக்காதேங்கோ. வெளிநாட்டில இருக்கிற ஆருக்காவது அனுப்பிவிடுங்கோ.

2025 ஜூன் 23

வெளிநாடு எண்டவுடன ரொறன்ரோவில இருக்கிற என்ர ஒன்றுவிட்ட தம்பி எழுதினது ஞாபகம் வந்தது. அங்க வீட்டு வாசலில நிண்ட வண்டி விடியக் காணேல்லையாம். சாவி வீட்டுக்குள்ளயே கிடக்கு. சாவியின்ர சிக்னலை வாசலில நிண்டு பிடிச்சு வண்டிக்குக் காட்டிறாங்கள். இன்னொரு முறையும் இருக்கு: முன் லைட்டைக் கழட்டி, அதுக்குப் பின்னால ஓடுற தரவு வயரில சின்னப் பெட்டி ஒண்டைக் கொழுவி, சாவி வந்திட்டுது எண்டு வண்டிக்குப் பொய் சொல்லுறது. 2022 இல லண்டனில ஒரு ரொயோட்டா றாவ்4 கார் இப்பிடித்தான் போனது. வயர் வேலை செய்யிறவனுக்கு அதை வாசிக்க வயிறு எரிஞ்சது. எங்கட கைத்தொழிலை எதுக்குப் பாவிக்கிறாங்கள்.

கனடாவில களவெடுத்ததைக் கொள்கலனில போட்டு மொன்ட்றியால் துறைமுகத்தால ஏத்தி அனுப்பிறாங்கள். 2024 ஏப்ரலில அங்கத்தப் பொலிஸ் சொன்ன கணக்கு: அந்தத் துறைமுகத்தில மட்டும் ஒரே நடவடிக்கையில 598 களவு வாகனம் மீட்டது.

தம்பி கேட்டான், "அண்ணை, எயர்ராக் ஒண்டு அனுப்பவோ, பைக்கில ஒளிச்சு வையன்" எண்டு. வேண்டாமெண்டன். 2021 இல ஆப்பிள் விட்ட அந்த வில்லைக்குச் சிம்மும் இல்லை, செய்மதியும் இல்லை. பக்கத்தால போற ஐபோன்தான் அதைக் கண்டு இடத்தைச் சொல்ல வேணும். ரொறன்ரோவில அடிக்கு ஒரு ஐபோன். பாண்டியன்குளத்தில ஒரு வயல் வரம்பில எத்தினை ஐபோன் நடக்கும்? அதோட, முன்பின் தெரியாத வில்லை ஒண்டு கூடவே வருது எண்டு கள்ளன்ர போனுக்கே அது அறிவிக்கும். அந்த அறிவிப்பு நல்ல காரணத்துக்குத்தான் வைச்சது, அதைப் பற்றிக் கீழ எழுதுறன்.

2025 ஜூன் 29

மாங்குளத்து ஓட்டோ ஓடுற தம்பி ஒருத்தர் வாதாடுறார்: "ஒளிச்சு வைக்கச் சொல்லுறியள். 'இந்த வாகனத்தில ஜீபிஎஸ் உண்டு' எண்டு ஸ்ரிக்கர் ஒட்டினால் கள்ளன் தொடவே மாட்டானே?"

நியாயமான கேள்வி. நான் ரெண்டு நாள் யோசிச்சன்.

அமெரிக்காவில லோஜக் எண்ட கருவி 1986 இல மசாசூசெற்ஸ் மாநிலத்தில தொடங்கினது. ஜீபிஎஸ் சனத்திட்ட வாறதுக்கு முந்தி. ரேடியோ சிக்னல், பொலிஸ் காரில அதைப் பிடிக்கிற கருவி. அவை ஸ்ரிக்கர் ஒட்ட விடேல்லை, எந்த வண்டியில இருக்கு எண்டு ஆருக்கும் தெரியாது. ஏர்ஸ், லெவிற் எண்ட ரெண்டு ஆய்வாளர் 1998 இல எழுதின ஆய்வில, அந்தக் கருவி வந்த நகரங்களில, பூட்டாத ஆக்களின்ர வண்டிகளும் குறைவாத்தான் களவு போனது எண்டு காட்டினவை. கள்ளனுக்கு எதில இருக்கு எண்டு தெரியாததால எல்லா வண்டியும் பயமாப் போச்சு.

ஸ்ரிக்கர் ஒட்டினால் உங்கட வண்டி தப்பும், கள்ளன் பக்கத்து வீட்டு வண்டியைத் தூக்குவான். இல்லாட்டி "ஓ, இருக்கு" எண்டு தெரிஞ்சு முதல் வேலையாச் சீற்றைக் கழட்டுவான். ஒரு ஒழுங்கையில கொஞ்சப் பேர் பூட்டி, ஒருத்தரும் வெளியில காட்டாமல் இருந்தால் பூட்ட வசதியில்லாத அக்காவின்ர வண்டிக்கும் அது காவல். எனக்கு இதுதான் பிடிச்சிருக்கு. ஸ்ரிக்கர் ஒட்டுறதெண்டால் எல்லாரும் ஒட்டுங்கோ, பூட்டினவையும் பூட்டாதவையும். தம்பி, உங்கட ஓட்டோ ஸ்ராண்டில அதைக் கதைச்சுப் பாருங்கோ.

2025 ஜூலை 3

மீட்ட கதை ஒண்டும் சொல்லாமல் போன கதையே சொல்லுறன் எண்டு குறைப்பட்டிருக்கினம். இந்தாங்கோ.

புதுக்குடியிருப்பு மீன் வியாபாரி ஒருத்தரின்ர பட்டா. விடியப்புறம் ஐஸ் ஏத்தப் போறதுக்கு எழும்பினால் வண்டி இல்லை. கருவி நான்தான் பூட்டினது, டாஷ்போட்டுக்கு உள்ளுக்கு. போனில பாத்தால் வண்டி ஓடிக்கொண்டிருக்கு. அவர் உடன என்ஜினை நிப்பாட்டப் பாத்தார். நான் போனில மறிச்சன். ரிலே எண்ட மின் சுவிச் போட்டு, போனால என்ஜினை வெட்டுற வசதி இருக்கு, ஆனால் ஓடேக்க வெட்டினால் பிறேக் கனக்கும், ஸ்ரியரிங் இறுகும், எதிரில பள்ளிக்கூடப் பிள்ளையள் வந்தால்? நல்ல கருவி வேகம் குறைஞ்ச பிறகுதான் வெட்டும். இது அப்பிடிச் சரிப்படுத்தினதுதான், எண்டாலும் நிண்டாப் பிறகு வெட்டுவம் எண்டன். அவன் ஒரு ஷெட்டடியில நிப்பாட்டினான். நாங்கள் வெட்டினம். பிறகு அவன் எவ்வளவு அடிச்சும் ஸ்ரார்ட் வரேல்லை.

இதுக்கிடையில 119 க்கு அடிச்சு, கிட்ட இருக்கிற பொலிஸ் நிலையத்துக்கும் சொல்லி, வரைபட இணைப்பையும் அனுப்பினம். வியாபாரி தன்ர தம்பிமாரோட தடி பொல்லோட வெளிக்கிட நிண்டவர். அதையும் மறிச்சன். அங்க நிக்கிறவன் தனியவோ, கையில என்ன வைச்சிருக்கிறான் எண்டு உங்களுக்குத் தெரியாது. ஒரு பட்டாவுக்காக ஆள் போகக் கூடாது. பொலிஸ் போச்சுது, வண்டி கிடைச்சுது, ஆளும் பிடிபட்டார்.

சந்தோசம் அந்த நாளோட சரி. மீட்ட வண்டி வழக்குக்குச் சான்றுப்பொருள். குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை, 1979 ஆம் ஆண்டு 15 ஆம் இலக்கம், 431 ஆம் பிரிவு; நீதவான் பிணைமுறியில விட்டால்தான் கைக்கு வரும். அதுவரைக்கும் பொலிஸ் முற்றத்தில வெயிலுக்கும் மழைக்கும் நிண்டது. எடுக்கேக்க பற்றரி செத்து, சில்லு காத்துப் போய், மீன் பெட்டி மணத்தோட. கெதியா வந்ததுக்கு ஒரே காரணம், பதிவுப் புத்தகம் அவரின்ர பேரில இருந்தது. திறந்த கடதாசியில வாங்கி, பேர் மாத்தாமல் கைக்குக் கை மாறின வண்டியெண்டால், பழைய சொந்தக்காரரைத் தேடி அலைய வேணும். அவர் கனடாவில இருப்பார், இல்லாட்டி இறந்திருப்பார். வன்னியில இப்பிடி ஓடுற வண்டி எவ்வளவு! போரில கடதாசியெல்லாம் எரிஞ்ச சனம் நாங்கள், கடதாசி இல்லாமல் இருக்கிற வலி எங்களுக்குத் தெரியும். பேரை மாத்துங்கோ.

2025 ஜூலை 4

களவெடுத்த வண்டியில கள்ள மரம் ஏத்துறதைப் பற்றிச் சட்டப் பக்கத்தால சொல்ல இருக்கு எண்டு ஜூன் 17 இல எழுதினது இதுதான். வனக் கட்டளைச் சட்டத்தின்ர 40 ஆம் பிரிவில, கள்ள மரம் ஏத்தின வண்டியை நீதிமன்றம் பறிமுதல் செய்யலாம். சொந்தக்காரர் வேற ஆள் எண்டால், இந்தக் குற்றத்துக்கு வண்டியைப் பாவிக்காமல் இருக்கத் தான் எல்லா முன்னெச்சரிக்கையும் எடுத்தன் எண்டு அவர் காட்ட வேணும். உங்கட வண்டி இரவு பத்துக்குக் களவு போய், விடிய முதிரை மரக் குத்தியோட பிடிபட்டு, நீங்கள் மத்தியானம் முறைப்பாடு குடுத்தால் என்ன நினைப்பினம்? களவு தெரிஞ்ச உடன, அந்த இரவே முறைப்பாடு. பிரதியை வாங்கி வையுங்கோ. ஜீபிஎஸ் பாதைப் பதிவையும் அச்சடிச்சு வையுங்கோ. வழக்கில வண்டி எப்ப உங்கட வளவை விட்டது எண்டு காட்ட அது உதவும்.

2025 ஜூலை 6

லீசிங் வண்டி பற்றி ரெண்டு வரி. லீசிங்கில எடுத்த பட்டா, ஓட்டோ கனத்தில கொம்பனியே ஜீபிஎஸ் பூட்டித்தான் தருது. அது உங்கட காவலுக்கு எண்டு நம்பியிராதேங்கோ. கட்டுப்பணம் பிந்தினால் வண்டியைத் தேடிப் பிடிக்கிறதுக்குத்தான். முறைப்பாடு குடுக்கப் போனால் பொலிஸ் முதல்ல கேக்கிறது "லீசிங் கட்டுறனீங்களோ?" எண்டுதான். வண்டி காணேல்லை எண்டால் முதல் அழைப்பு அந்தக் கொம்பனிக்கு. அவை வண்டியைத் தூக்கேல்லை எண்டால், இடத்தை உடன சொல்லச் சொல்லி நெருக்குங்கோ. வண்டி போனால் நட்டம் அவைக்கும்தான்.

2025 ஜூலை 12

மலிவான கருவி வாங்கினவை தயவுசெய்து இதை வாசியுங்கோ. 2019 செப்ரெம்பரில அவாஸ்ற் எண்ட பாதுகாப்பு நிறுவனம் வெளியிட்டது: ஏறத்தாழ 6 லட்சம் ஜீபிஎஸ் கருவிகள் 123456 எண்ட கடவுச்சொல்லோடயே உலகம் முழுக்க ஓடுது. 2022 ஜூலையில அமெரிக்க அரசின்ர சைபர் பாதுகாப்பு அமைப்பு இன்னொண்டைச் சொன்னது. மைகோடஸ் எம்வி720 எண்ட சீனக் கருவியில மாத்தவே முடியாத பொதுக் கடவுச்சொல் ஒண்டு உள்ளுக்கு இருக்கு, வெளியாள் நுழைஞ்சு இடத்தைப் பாக்கலாம், எண்ணெயையும் வெட்டலாம் எண்டு. கள்ளனுக்குக் காவல் வைக்கப் போய், உங்கட வீடு, வயல், பிள்ளை படிக்கிற ரியூசன் எல்லாம் முன்பின் தெரியாத ஒருத்தருக்குத் தெரிய வேண்டாம்.

பூட்டின அண்டைக்கே கடவுச்சொல்லை மாத்துங்கோ. சிம் உங்கட அடையாள அட்டையில இருக்கட்டும். கடைக்காரரின்ர பேரில இருந்து, அவர் கடையை மூடிப்போட்டுப் போனால் மீள்நிரப்ப ஆளில்லாமல் சிம் செத்துப் போகும். அப்பிடிச் செத்த கருவியோட "எனக்கு ஜீபிஎஸ் இருக்கு" எண்டு நிம்மதியாத் திரியிறவை கனபேர்.

2025 ஜூலை 13

நேற்றைய குறிப்புக்குப் பிறகு ஒருத்தர் தனியாக் கேட்டார், மனுசியின்ர ஸ்கூட்டிக்கு அவவுக்குத் தெரியாமல் பூட்டித் தரலாமோ எண்டு. நான் மாட்டன் எண்டன். இப்பிடி முதலும் கேட்டிருக்கினம், மகளின்ர வண்டிக்கும் கேட்டிருக்கினம். ஓடுற ஆளுக்குத் தெரியாமல் பூட்டுறது காவல் இல்லை, வேவு. எங்கட சனம் வேவுக்குள்ள எவ்வளவு காலம் இருந்தது எண்டு நான் சொல்லத் தேவையில்லை. அவவிட்டச் சொல்லிப் பூட்டுங்கோ, அவவின்ர போனிலயும் செயலியைப் போட்டுக் குடுங்கோ. களவு போனால் முதல்ல தேடப் போறதும் அவதானே. எயர்ராக் கூடவே வந்தால் போனுக்கு அறிவிக்கிறதும் இந்த அநியாயத்துக்காகத்தான்.

2025 ஓகஸ்ற் 3

மடுத் திருவிழா வருது, 15 ஆம் திகதி. கூடாரம் அடிச்சுக் கிழமைக் கணக்கா நிக்கிற சனத்துக்கு: வண்டியை மரத்தடியில விட்டிட்டு இரவில மறந்து போகாதேங்கோ. காசு குடுத்து விடுற பைக் பார்க்கில தாற துண்டை வண்டிக்குள்ள வைச்சிட்டுப் போறவை இருக்கினம், துண்டோட வண்டியை எடுத்துக்கொண்டு கள்ளன் மரியாதையா வெளியில போவான். துண்டு உங்கட பையில. வற்றாப்பளைப் பொங்கலுக்கும் இதே கதைதான். சாவி, துண்டு, பதிவுப் புத்தகப் பிரதி மூண்டும் ஆளோட.

சனம் கூடின இடத்தில போன் டேற்றா இறுகும். கனக்கக் கருவி எஸ்எம்எஸ்சுக்கும் பதில் சொல்லும். உங்கட கருவிக்கு என்ன சொல் அனுப்ப வேணும் எண்டு கேட்டு, போனில எழுதி வையுங்கோ. டேற்றா வராத இடத்திலயும் எஸ்எம்எஸ் போய்ச் சேருறதைக் கண்டிருக்கிறன்.

2025 ஓகஸ்ற் 5

நெடுங்கேணி அண்ணை ஒருத்தர்: "மகன் கட்டாருக்குப் போனபிறகு பைக் கொட்டிலில நிக்குது. ஜீபிஎஸ் பற்றரியைத் தின்னுமோ?"

தின்னும். வண்டி ஓடாட்டியும் கருவி கொஞ்சம் கொஞ்சமா இழுத்துக்கொண்டே இருக்கும், பைக் பற்றரி சின்னன். கிழமைக்கு ஒருக்கா ஸ்ரார்ட் பண்ணி, ரெண்டு ஒழுங்கை ஓடிப்போட்டு விடுங்கோ. ஓட ஆள் இல்லையெண்டால் கருவியை நித்திரை முறைக்கு மாத்தலாம், வண்டி அசைஞ்சால் மட்டும் முழிக்கும். எந்த மொடல் எண்டு படம் அனுப்புங்கோ, எப்பிடி மாத்துறதெண்டு எழுதிவிடுறன். கொட்டில் தூணோட சேர்த்து ஒரு சங்கிலியும் போடுங்கோ.